நீருக்கடியில் இரண்டு ஏக்கர்

செம்பியங்காட்டுக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் அறுபத்தோரு ஏக்கர் நஞ்சை நிலம் இருக்கிறது, அதற்கு நாற்பத்து மூன்று பட்டாதாரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருவன். ஒரு கார்த்திகை மாதப் புயலில் கடல் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. வந்த தண்ணீர் மறுநாள் வடிந்துவிடும் என்று இருந்தோம், அமாவாசை கழிந்தால் வடிந்துவிடும் என்று இருந்தோம், தை பிறந்தால் வடிந்துவிடும் என்று இருந்தோம், அது வடியவில்லை, வரப்புகளின் மேல் அலை அடிக்கத் தொடங்கியது, களத்துமேட்டில் மீனவர்கள் படகை ஏற்றி வைத்தார்கள். ஆனால் தாலுகா ஆபீஸில் இருந்த பதிவேட்டில் தண்ணீர் ஏறவில்லை. அங்கே எங்கள் சர்வே எண்கள் நாற்பத்து மூன்றும் நனையாமல் நஞ்சையாகவே இருந்தன.

கடலில் போன நிலத்துக்கு ஈடு கொடுக்கச் சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நெல் போடுகிறவனுக்கு மானியம் கொடுக்கச் சட்டம் இருந்தது. எனவே ஒவ்வொரு புரட்டாசியிலும் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் கலியபெருமாள் நாற்பத்து மூன்று படிவங்களையும் தாமே நிரப்பிக்கொண்டு வருவார், 'மேற்படி நிலத்தில் சம்பா நெல் சாகுபடி செய்துள்ளேன்' என்று அதில் எழுதியிருக்கும், நாங்கள் கையெழுத்துப் போடுவோம், ஏக்கருக்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் பாங்கியில் வந்து விழும். பார்வையிட வரும் அதிகாரிகள் கரையில் நின்று இளநீர் குடித்துவிட்டு, கடலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்கள். இப்படிப் பதிமூன்று வருஷம். எங்களில் யாருக்கும் அது பொய்யாகத் தோன்றியதில்லை. நிலம் அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டோம். மீனவர்கள்கூட அப்படித்தான் பேசினார்கள். பக்கிரிசாமி வயலில் இறால் கிடைத்தது, தையல்நாயகி வயலில் திருக்கை மிதித்துவிட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

பதினாலாவது வருஷம் பணத்துக்குப் பதிலாக விதை வந்தது. ஏக்கருக்கு ஒரு மூட்டை, மூட்டைக்கு முப்பது கிலோ, சர்க்கார் முத்திரை போட்டுத் தைத்த வெள்ளைச் சாக்கு, மொத்தம் அறுபத்தோரு மூட்டை. கலியபெருமாள் நல்ல மனிதர், எங்களை அலைய விடமாட்டார். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் பேசி, மூட்டை அறுநூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள வண்டியோடு வரச் சொல்லியிருந்தார். ஒவ்வொருவராகக் கொண்டுபோய் ஏற்றினோம். நான் என்னுடைய ஒரு மூட்டையை ஏற்றினேன். ஐம்பத்தொன்பது ஏறியபின் வண்டி நின்றுகொண்டிருந்தது. பக்கிரிசாமியின் இரண்டு மூட்டை வரவில்லை.

பக்கிரிசாமிக்கு அப்போது அறுபத்தாறு வயது. அதிகம் பேசாத ஆள். கலியபெருமாள் அவர் வீட்டு வாசலுக்கே போனார், நானும் பின்னால் போனேன்.

"என்ன பக்கிரி, மூட்டைய எடுத்தாரலியா? வண்டி கெளம்புது."

"அது விதைங்க."

"தெரியுது. சாக்கு மேலயே எழுதியிருக்கு."

"விதைய எப்படிங்க விக்கிறது?"

"பதிமூணு வருஷமா பணத்த வாங்கிப் பையில போட்டுக்கிட்டியே, அப்ப எங்கய்யா போயிருந்துச்சு இந்த ஞாயம்?"

பக்கிரிசாமி கொஞ்சம் யோசித்தார். "பணத்த ஊற வச்சா முளைக்காதுங்க. இது முளைக்கும்."

எங்கள் பக்கத்தில் விதைக்கென்று வந்த நெல்லைக் குத்தித் தின்பதில்லை, கடனுக்கு அளப்பதில்லை. பஞ்ச காலத்தில்கூடப் பட்டினி கிடந்தவர்கள் வைக்கோலில் கட்டிய விதைக் கோட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்கள் என்று சொல்வார்கள். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்துதான் ஏற்றினோம். வண்டி ஐம்பத்தொன்பது மூட்டையோடு போயிற்று.

அன்றே பக்கிரிசாமி விதையைத் தொட்டியில் கொட்டி ஊறவைத்தார். ஒரு நாள் ஊறியதை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு இன்னொரு நாள் வைத்தார். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அவர் மனைவி தனபாக்கியம் அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "எங்க கொண்டுபோய்த் தெளிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நம்ம வயல்லதான்."

அவள் அள்ளியதைத் திரும்பச் சாக்கில் போட்டு மூடினாள். பிறகு, "அப்ப கடல் ஓதம் வத்தினப்புறம் போங்க. நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு உங்களுக்கு" என்றாள்.

மீனவன் நாகமுத்து தன் படகில் அவரை ஏற்றிக்கொண்டு போனான். டீசலுக்குக் காசு வாங்கவில்லை, மீனுக்குத் தீனி போட்டதாக நினைத்துக்கொள்கிறேன் அண்ணே என்று சொன்னான். வயலின் நான்கு மூலைகளும் பக்கிரிசாமிக்கு மறக்கவில்லை. கரையில் நிற்கும் ஒற்றைப் பனையும் குடிநீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வரும் இடம் வடமேற்கு மூலை. அந்த இடத்தில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கூடையிலிருந்து அள்ளி அள்ளி வீசிக்கொண்டே நடந்தார். ஒரு விதைகூட மிதக்கவில்லை என்று நாகமுத்து பிறகு சொன்னான். அது புரட்டாசி ஆறாம் தேதி.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் நாகமுத்து டீக்கடைக்கு வந்து, ஒரு டீ சொல்லிவிட்டு, "பக்கிரியண்ணன் வயல்ல களையெடுக்கணும் போலருக்கு. என் படகு எஞ்சின்ல பாசியும் நெல்லுமா சுத்திக்கிட்டு வருது" என்றான். அங்கிருந்தவர்கள் சரி என்றார்கள். பொம்பளையாளுக்கு இப்போது என்ன கூலி என்ற பேச்சு வந்தது.

பயிர் இரண்டு ஏக்கரில் தெளிவாக நின்றது. ஓதம் வற்றும்போது முழங்கால் உயரமும் ஏறும்போது நுனி மட்டுமாகவும் தெரிந்தது, நாளாக நாளாக ஏறும்போதும் முழங்கால் உயரம் தெரிந்தது. வரப்பு இருந்த இடம் வரைக்கும் வந்த அலை அங்கே தணிந்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு போகிறவனைப்போல் ஓரமாகப் போயிற்று. மீனவர் பஞ்சாயத்து கூடி, அந்த இரண்டு ஏக்கருக்குள் எவரும் வலை வீசக் கூடாது என்றும், அதற்கு ஈடாகப் பயிரடியில் தங்கும் மீன்குஞ்சுகள் மீனவர்களுக்கே சொந்தம் என்றும் தீர்மானம் செய்தது. எலிக்குப் பதிலாக நண்டு வெட்டியது. கொக்குகள் கடல் நடுவில் வந்து நின்றன. களையெடுக்க எட்டுப் பெண்கள் போனார்கள், நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று பாசியைப் பிடுங்கிப் படகில் போட்டார்கள், நாள் கூலி இருநூற்றைம்பது, புடவை நனைவதற்குப் பத்து ரூபாய் தனியாகக் கேட்டு வாங்கினார்கள். உரமாகக் கருவாட்டுத் தூள் போட்டார் பக்கிரிசாமி. ஐப்பசியில் புயல் சின்னம் வந்தபோது கரையில் கட்டியிருந்த பதினோரு படகு நொறுங்கின. பயிர் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டு மூன்றாம் நாள் நிமிர்ந்தது.

சாயங்காலங்களில் மற்ற நாற்பத்திரண்டு பேரும் கரைக்கு வர ஆரம்பித்தோம். பயிரைப் பார்ப்போம். இலையைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தவர்கள் உப்புக் கரிக்கிறது என்றார்கள், சோறாக்கினால் உப்புப் போட வேண்டாம் என்று சிரித்தார்கள். பச்சையாக இருந்த இரண்டு ஏக்கரைச் சுற்றி ஐம்பத்தொன்பது ஏக்கர் வெறும் தண்ணீராகக் கிடந்தது. அவரவர் வயல் எந்த இடம் என்று கண் போகும். நானும் பார்த்தேன். விதை விற்ற அறுநூறில் அப்போது நூற்றைம்பது ரூபாய் என்னிடம் மீதி இருந்தது.

மார்கழியில் பயிர் பூத்தது. கடற்கரைக்கு உப்பும் கருவாடும் கலந்த வாடைதான் எப்போதும்; அந்தப் பத்து நாளும் கிழக்குக் காற்றில் நெற்பூ வாசம் வந்தது. படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தனபாக்கியம் பதினாலு வருஷமாகக் கோழி அடைத்துவைத்திருந்த நெற்குதிரைக் கழுவி, சாணம் மெழுகி, காயவைத்தாள்.

"இந்த வருஷம் ரேஷன் அரிசிக்குப் பை தூக்க மாட்டேன்" என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். "ஒரு பானை சோறு, நம்ம வயல்ல வெளைஞ்சது. கஞ்சியா ஆனாலும் சரி."

அந்த நாட்களில்தான் வேளாண்மை உதவி அலுவலர் ஸ்கூட்டரில் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பெண், நல்ல பெண். படகில் போய்ப் பயிரைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து மேலே அனுப்பினாள். பக்கிரிசாமிக்கு ஏதாவது பரிசு கிடைக்கும் என்று நினைத்துத்தான் அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி தை ஐந்தாம் தேதி நேரில் வருகிறார், நாற்பத்து மூன்று சர்வே எண்களையும் பார்க்கப்போகிறார் என்றாள். கடலில் ஒருவருக்கு விளைந்தால் மற்றவர்கள் ஏன் விதைக்கவில்லை என்று கேட்பார்கள், விதைக்காமலே விதைத்ததாகக் கையெழுத்துப் போட்டது குற்றம், வாங்கியது அத்தனையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

மீன் ஏலக் கொட்டகையில் பகல் மூன்று மணிக்குக் கூடினோம். கலியபெருமாள் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். அறுபத்தோரு ஏக்கர், ஏக்கருக்கு நாலாயிரத்து எண்ணூறு, பதிமூன்று வருஷம், முப்பத்தெட்டு லட்சத்து ஆறாயிரத்து நானூறு. நான் மனதில் பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

"மத்தவங்க விதைச்சதும் முளைக்கலன்னு சொல்லிப்புடலாமே" என்றார் ஒருவர்.

"ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் முளைச்சு அந்தப் பக்கம் முளைக்கலன்னா எவன்யா நம்புவான்?" என்றார் கலியபெருமாள். "வியாபாரி குடோன்ல சாக்கு அப்படியே கெடக்கு, முத்திரையோட."

பிறகு எல்லோரும் பக்கிரிசாமியைப் பார்த்தோம். அவர் தராசுப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பக்கிரி, உன்ன யாரும் கட்டாயப்படுத்தல" என்றார் கலியபெருமாள். "அன்னிக்கு அவங்க வந்து பார்க்கறப்ப அங்க கடல் மட்டும் இருந்தா, எல்லாருக்கும் நல்லது. அந்தப் பொண்ணு எடுத்த படத்துல பச்சையாத்தான் தெரியுதாம். பாசின்னு சொல்லிக்கலாம்."

"கதிரு இப்பத்தான் பால் புடிச்சிருக்குங்க" என்றார் பக்கிரிசாமி. "தை பதினேழுக்கு முத்திப்புடும். பன்னெண்டு நாள் தள்ளி வரச் சொல்ல முடியாதா?"

"கேட்டேன் ஐயா" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்தபடி. "ரெண்டு தடவ கேட்டேன்."

பக்கிரிசாமியின் செத்துப்போன அண்ணனின் மனைவி தையல்நாயகி பின்வரிசையில் இருந்தாள். எழுபத்தொரு வயது, ஒரு ஏக்கர் பட்டா. அந்த மானியமும் இரண்டு ஆடும்தான் அவளுக்குச் சோறு. அவள் எழுந்து நின்றாள்.

"தம்பி, நீ அறுத்துப் பொங்கித் தின்னு. எனக்காவ ஒண்ணும் பண்ண வேணாம். அறுவத்திரண்டாயிரத்து நானூறு கட்டணும்ங்கறாங்க. ஜப்தி பண்ண வந்தா ரெண்டு ஆட்டப் புடிச்சுக் குடுத்துட்டு, மூணாவதா நானும் கயித்தக் கட்டிக்கிட்டுப் போறேன்."

சிலர் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் உட்காரும்போது தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கிரிசாமி தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகையில் நாற்பத்திரண்டு பேரில் ஒருவராவது, விடு பக்கிரி, வருவது வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை என்று இருந்துவிட்டேன்.

"அறுத்துடலாம்" என்றார் அவர் கடைசியில். "ஆனா நான் ஒருத்தனா அறுக்க மாட்டேன். பட்டியல்ல பேர் இருக்கற எல்லாரும் வரணும். அவங்கவங்க அருவாளோட வரணும்."

மறுநாள் காலை ஓதம் வற்றியதும் பதினாறு படகில் போனோம். பதினாலு வருஷமாகக் கூரையில் செருகிக் கிடந்த அரிவாள்களைத் தீட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று பேரிடம் அரிவாள் இல்லை, மீன் வெட்டும் கத்தி வாங்கி வந்தார்கள். வரிசையாகத் தண்ணீரில் இறங்கி நின்றோம். பக்கிரிசாமி வடமேற்கு மூலையில் முதல் பிடியைப் பிடித்து அறுத்தார். அவருக்குப் பக்கத்தில் தனபாக்கியம் நின்றாள், அவள் அறுக்கவில்லை, அறுத்ததை வாங்கிப் படகில் வைத்தாள். கை பழகிய வேலை என்பதால் சீக்கிரமாக ஓடியது. அறுவடையில் யாராவது ஒரு பெண் குலவை போடுவாள், எவளாவது பாட்டெடுப்பாள், பக்கத்து ஆளை எவனாவது கேலி செய்வான். அன்றைக்குத் தண்ணீர்ச் சத்தமும் அரிவாள் சத்தமும் மட்டும்தான். உப்பு ஏறிய தாள் சொரசொரவென்று இருந்தது, பிடித்த கையெல்லாம் கீறியது. மற்றவர்கள் கையில் துணி சுற்றிக்கொண்டார்கள், பக்கிரிசாமி சுற்றிக்கொள்ளவில்லை.

அறுபட்ட கதிர்களிலிருந்து பால் கசிந்தது. முதலில் அது தெரியவில்லை. பாதிக்கு மேல் அறுத்தபோது சுற்றிலும் தண்ணீர் வெளுத்திருந்தது. இரண்டு ஏக்கர் கடலும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக நின்றது, அலை அடித்தும் கலையவில்லை, மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தது. தனபாக்கியம் அதை இரண்டு கையாலும் அள்ளி ஒரு வாய் குடித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறினாள்.

தாளை ஆடுமாடுகளுக்குப் போட்டோம். அவை தின்றன.

தை ஐந்தாம் தேதி பெரிய அதிகாரி நாலு காரில் ஆட்களோடு வந்தார். கருவியை வைத்து ஒவ்வொரு சர்வே எண்ணாகப் பார்த்தார்கள், எல்லா இடத்திலும் தண்ணீர் இருந்தது. அவர் கடுமையான ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பக்கிரிசாமியைக் கூப்பிட்டு, "ஐயா, உங்க வயல்ல நெல் நிக்குதுன்னு சொன்னாங்களே. நீங்க விதைச்சீங்களா?" என்று கேட்டார்.

நாற்பத்திரண்டு பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கிரிசாமி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"கடல்ல யாராவது விதைப்பாங்களாங்க?"

அதிகாரி சிரித்தார். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள், கலியபெருமாள் சிரித்தார், பின்னால் நின்ற நாங்களும் சிரித்தோம். அந்தப் பெண் மட்டும் ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டாள்.

அதிகாரி அங்கேயே ஒரு முடிவு செய்தார். இது கடல் கொண்ட நிலம், இவர்கள் விதைக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள், இத்தனை வருஷமாக இதை யாரும் ஒழுங்காக எழுதி அனுப்பவில்லை, பழையதைக் கிளற வேண்டாம், இனி வருஷா வருஷம் கடலரிப்பு நிவாரணம் என்ற பெயரிலேயே கொடுக்கலாம், ஏக்கருக்கு ஆறாயிரம். பொய்க் கையெழுத்துத் தேவையில்லை. ஆள் மாறாட்டம் வராமல் இருக்க ஒவ்வொருவரும் கருவியில் கட்டைவிரலை வைத்தால் போதும் என்றார். சங்கத்து வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக விரலை வைத்தோம், பச்சை விளக்கு எரிந்தது.

பக்கிரிசாமி வைத்தபோது எரியவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், எரியவில்லை. இடது கையை வைக்கச் சொன்னார்கள், பிறகு மற்ற விரல்களை. பத்து விரலும் வைத்துப் பார்த்தார். நாலு மாதம் உப்புத் தண்ணீரில் ஊறி, தாள் கீறி, விரல்களில் ரேகை என்று ஒன்று மிஞ்சவில்லை. வழவழவென்று சோழி மாதிரி இருந்தன. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ரேகை வரவில்லை. இ-சேவை மையத்துக்கு மூன்று தடவை போனார், மூன்றாவது தடவை கண்ணைக் காட்டச் சொன்னார்கள், ஒரு கண்ணில் புரை. அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

நாற்பத்திரண்டு பேரும் ஆளுக்கு இருநூற்றைம்பது போட்டுப் பத்தாயிரத்து ஐநூறு சேர்த்தோம். என்னைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை. கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"எனக்கு எதுக்குங்க? நான் விதைக்கவே இல்லையே."

தனபாக்கியம் உள்ளே ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அடுத்த புரட்டாசியில் புதுப் பட்டியலைச் சங்கத்துக் கதவில் ஒட்டினார்கள். நாங்கள் சர்வே எண் வரிசைப்படி நின்றோம், படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துச் சொன்னேன். தையல்நாயகி வந்தாள்.

"என் பேரு எத்தனாவது?"

"முப்பத்தொண்ணு."

"எப்பவும் முப்பத்திரண்டுதானே."

"ஆமாம்."

"அப்ப முப்பத்தொண்ணா இருந்த தம்பி பேரு?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த எண்ணின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள், மூடியபடியே நின்றாள். அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். நகரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.